ஒன்பது மணி வெயில்

“மணி ஒன்பதாச்சு வெர்னா. முகத்துல வெயில் விழுது. சர்ச்சுக்குக் கிளம்பு” என்றார் டெல்பர்ட், வாசல் நாற்காலியில் இருந்தபடி.

“ஏழரைதாங்க ஆகுது.”

“என்கிட்டயேவா? மலை முகட்டைத் தாண்டி நம்ம வாசலுக்கு வெயில் வர ஒன்பது ஆகும். முதல்ல கடிகாரத்துக்கு பேட்டரி போடு.”

சுரங்க விபத்தில் கண் போன நாள் முதல் வெயில்தான் அவருக்குக் கடிகாரம். இரண்டு வருடம் மகள் வீட்டில் இருந்துவிட்டு, போன வாரம்தான் இருவரும் ஊர் திரும்பியிருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் இதே தகராறு.

உள்ளே ரேடியோவில் ஏழரை மணிச் செய்தி தொடங்கியது. டெல்பர்ட்டின் குரல் இறங்கியது.

“அப்ப எனக்குத்தான் மூளை கலங்கிப்போச்சா? பயந்த மாதிரியே ஆயிடுச்சு. என்னை ஏதாவது ஹோம்ல சேத்துடு வெர்னா.”

வெர்னா எதிரே பார்த்தாள். இனியும் மறைக்க முடியாது.

“உங்க மூளைக்கு ஒண்ணுமில்லங்க. நாம ஊர்ல இல்லாதப்போ, மூடின சுரங்கத்துல மிச்சமிருந்த கரிக்காக வெடி வெச்சு மலையோட தலையையே எடுத்துட்டாங்க. வெயிலை மறைக்க அங்க முகடு இல்ல.”

டெல்பர்ட் வெகுநேரம் வெயிலுக்கு முகத்தைக் காட்டியபடியே இருந்தார்.

“மூளை கலங்கியிருந்தாலே தேவலை” என்றார்.