நம்பர் போட்ட டப்பாக்கள்

முதலில் வம்புக்கு வந்தவன் ராதிசாவ்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கிரீஸ் எல்லையில் சுங்கக்காரர் என் கார் டிக்கியைத் திறக்கச் சொன்னார். பின்னால் நின்ற காரிலிருந்து இவன் தலையை நீட்டிக் கத்தினான்: "பாத்துத் திறங்க சார்! டப்பாக்காரன் வண்டி. ஒரு மளிகைக் கடையே உருண்டு விழும்!"

சுங்கக்காரர் சிரித்தார். வரிசையில் நின்ற செர்பியர் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர்கள் டிக்கியிலும் அதேதான் இருந்தது. அது வேறு விஷயம்.

ராதிசாவ் என் 'கும்'. அதாவது, என் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவன். எங்கள் செர்பியாவில் கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கும்மை முறைக்கக்கூடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கியைத் திறந்தேன்.

இருபத்து நாலு ஈரல் விழுது டப்பா. சுட்ட குடைமிளகாய் பாட்டில்கள். காப்பித்தூள், எண்ணெய், வெங்காயம். பத்து நாள் கடற்கரையில் இருக்க வேண்டுமே! அறை வாடகை, பெட்ரோல், ரொட்டி, என் பீர்க் காசு போக ஒரே ஒரு பணக் கவர்தான் மிச்சம். அது லுபின்காவின் கவர்.

என் மனைவி இந்த நாற்பது வருஷத்தில் கடலோர ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை.

"ஒரே ஒரு தடவை. மேஜைத்துணி விரிச்ச மேஜை, தணல்ல சுட்ட ஆக்டோபஸ். அப்புறம் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றிருந்தாள்.

"டப்பா பத்து நாளைக்கு வந்தா ஆக்டோபஸ். வரலேன்னா கவரைப் பிரிச்சு வேற டப்பாதான் வாங்கணும்" என்றேன். டப்பாக்களின் மூடியில் ஒன்று முதல் இருபத்து நாலு வரை பேனாவால் நம்பர் போட்டேன்.

சார்தி என்ற அந்தக் கடற்கரை ஊரில் எங்களுக்கும் அவர்களுக்கும் அடுத்தடுத்த அறை. பால்கனிகளுக்கு நடுவே ஒரு முழச் சுவர். தினமும் சாயங்காலம் ராதிசாவ் இஸ்திரி போட்ட சட்டையும் சென்ட் வாசனையுமாக, மனைவி டோப்ரிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்புவான்.

"என்ன கும், இன்னிக்கும் டப்பாதானா? நாங்க மீன் சாப்பிடப் போறோம். வரும்போது சட்டையில வாசனை ஒட்டியிருக்கும், மோந்து பாத்துக்க!"

இரண்டாம் நாள் நாலாம் நம்பர் டப்பாவைக் காணோம். மறுநாள் ஏழும் எட்டும் போயின.

"லுபின்கா, டப்பா எங்கே?"

"பூனையா இருக்கும்." கழுவிக்கொண்டிருந்த தட்டிலிருந்து அவள் தலையைத் தூக்கவில்லை.

"பூனை டப்பாவோடயா தூக்கிட்டுப் போகும்?"

"கிரீஸ் பூனை. என்ன செய்யும்னு யார் கண்டா?"

அதற்கப்புறம் தினமும் பால்கனியில் நின்று பூனையைத் திட்டினேன். "திருட்டுக் கழுதை! கண்ணுல மட்டும் படு, வாலைப் பிடிச்சுக் கடல்ல வீசறேன்!"

பக்கத்துப் பால்கனியில் ராதிசாவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உன் விருந்துக்கு ஒரு பூனையாவது வருதேன்னு சந்தோஷப்படு, கும்!"

ஒன்பதாம் நாள் லுபின்கா பயந்துகொண்டே டப்பாப் பெட்டியைத் திறந்தாள்.

"இன்னும் அஞ்சு டப்பா இருக்கே!"

"ஓரத்துல கிடந்திருக்கும். சரியாப் பாக்கல போலிருக்கு" என்றேன்.

ஆக, கவர் பிழைத்தது. கடைசி நாள் சாயங்காலம் அடுத்த அறைக் கதவைத் தட்டினேன்.

"எங்க நாப்பதாவது கல்யாண நாள் சாப்பாடு. சாட்சி இல்லாம எப்படி? ரெண்டு பேரும் வாங்க."

ராதிசாவ் மீசையைத் தடவினான். "எங்களுக்கு வேற ஓட்டல் வழக்கம். சரி, உனக்காக வரேன்."

மேஜைத்துணி இருந்தது. லுபின்கா அதை இரண்டு கையாலும் நீவி நீவிப் பார்த்தாள். முழு ஆக்டோபஸ் வந்தது. வழக்கப்படி கும்முக்குத்தான் முதலில் பரிமாறினேன். அவன் வாய் நிறைய மென்றுகொண்டே, "நேத்து நாங்க சாப்பிட்டது இன்னும் மெத்துனு இருந்துச்சு" என்றான். டோப்ரிலா தட்டைவிட்டு நிமிரவே இல்லை.

மறுநாள் ஊருக்குத் திரும்பும்போது, எல்லை தாண்டியதும் லுபின்கா அழ ஆரம்பித்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பூனை இல்ல, நான்தான். ராதிசாவ் அவங்க மகனோட கடனுக்கு ஜாமீன் நின்னு, பென்ஷன்ல பாதி அதுக்கே போயிடுது. இந்தத் தடவை கடற்கரைக்கு வரலேன்னு உன்கிட்ட சொல்ல அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கல. வாடகை கொடுத்ததோட கை காலி. டோப்ரிலா சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதா..."

"தெரியும்."

"எப்போ?"

"மூணாம் நாளே. ரொட்டி வாங்கப் போனேன். படகுத்துறைக்குப் பின்னால இஸ்திரிச் சட்டையோட உக்காந்து ரெண்டு பேரும் தின்னுட்டிருந்தாங்க. ஏழாம் நம்பர்."

"அப்போ அந்த அஞ்சு டப்பா?"

"கடையில வாங்கி நானே நம்பர் போட்டேன்."

"காசு?"

"பத்து நாளா நான் பீர் குடிச்சதைப் பாத்தியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் தெரிஞ்சுமா அப்படிப் பூனையைத் திட்டினே?"

"திட்டலேன்னா எனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு டோப்ரிலா வாங்கறதை நிறுத்தியிருப்பா. அதான் அவளுக்குக் கேக்கற மாதிரி திட்டினேன்."

லுபின்கா என் தோளில் சாய்ந்தாள். "அப்போ ராதிசாவ் மேல உனக்குக் கோபமே இல்லைன்னு சொல்லு."

"யார் சொன்னா? ஆக்டோபஸுக்கு எட்டுக் கால். நாம நாலு பேர். அவன் மூணு தின்னான். ஒண்ணு எனக்கு வரணும்."

வருஷம் இரண்டாகிறது. அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.