வெட்டச் சொன்ன வரி

“பாதித் தொகை தாறதுக்கு மேலிடம் சம்மதிச்சாச்சு” என்றார் இன்சூரன்ஸ் ஆபீசர் பத்மகுமார்.

“ஒரு பைசா வேண்டாம் சாரே. இந்த வரிய மட்டும் வெட்டித் தாங்க.”

சொன்னவர் ராஜமணி. கருங்கல் சந்தையில் கருவாட்டு வியாபாரி. ஒரு கட்டு வாளைக்கு அவர் பேரம் பேசி முடிக்கும்போது, வாங்க வந்தவன் தன்னையே திருடனாக நினைத்துக்கொண்டு போவான்.

“பைசா வேண்டாம்ணு சொல்லுத வியாபாரிய இண்ணைக்குத்தான் பாக்கியேன் அண்ணாச்சி.”

ராஜமணி சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த மறுப்புக் கடிதத்தில் விரலை வைத்தார். ‘பாலிசி எடுக்கும் முன்பே குழந்தையின் நோயை அறிந்திருந்தும் மறைத்துள்ளார்.’

மகள் ஷிபா போய் மூன்று மாதம். வீட்டில் அவருக்கு மிச்சம் மனைவி குளோரி ஒருத்திதான்.

இந்தக் கடிதத்தைத் தபால்காரரிடம் வழியிலேயே மறித்து வாங்கியாயிற்று. அவர் போட்ட மேல்முறையீட்டின் முடிவும், பாதித் தொகை தந்தாலும், இதே வரியோடு வீட்டுக்குத்தான் வரும். தபால்காரரை எத்தனை நாள் மறிப்பது? குளோரி ஒரு காகிதத்தை வாசிக்காமல் மடிக்கிறவள் இல்லை.

பத்மகுமார் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார்.

“லேபு ரிப்போர்ட் பாலிசிக்கு முந்தினதுதான். ஆனா டாக்டர் ஒண்ணும் சொல்லேல்ல, எனக்குத் தெரியாதுண்ணு எழுதி ஒப்புப் போடுங்க. வரியும் போகும், பைசாவும் வரும்.”

இவ்வளவு மலிவாக ராஜமணிக்கு எந்தப் பேரமும் படிந்ததில்லை.

உள்ளூர் டாக்டர் சொல்லத்தான் செய்தார். அவரிடம் மட்டும், கதவைச் சாத்திவிட்டு. ‘ரத்தப் புற்று மாதிரி தெரியுது. நாளைக்கே திருவனந்தபுரம் கொண்டு போங்க.’

மறுநாள் ராஜமணி போனது பாலிசி ஏஜெண்டிடம்.

பாலிசி எடுத்து முப்பது நாள் கழியாமல் எந்த நோய்க்கும் பணம் கிடையாதாம். முப்பது நாள்தானே என்று நினைத்தார். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தார். குளோரியிடம் சளி என்றார். முப்பத்தொன்றாம் நாள் விடியும் முன்பே கார் பிடித்தார்.

நோயை அறிந்தே அவர் காத்திருந்தது ஊரில் யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்தது, பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒரு கம்பெனி மட்டும்தான்.

‘ஒரு மாசம் முன்னே கொண்டு வந்திருக்கக் கூடாதா?’ என்று கேட்டார் திருவனந்தபுரத்து டாக்டர்.

ராஜமணி பேனாவைத் திறந்தார். எழுத வேண்டியது ஒரே சொல்.

அன்றைக்கு அந்த டாக்டருக்கு குளோரி சொன்ன பதிலும் அதுதான். ‘தெரியாதே சாரே.’

அவள் சொன்னபோது அது உண்மை.