முட்டி ஒசரத்துல ஒரு காலண்டர்

கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல நொட்டாங்கைப் பக்கம் மொட்டையா நின்னுச்சு. பேருக்குக்கூட ஒரு ஃபைலு இல்லை.

எப்படீங்க இருக்கும்? காத்தால கரண்டு ஏறி எறங்குனதுல கம்ப்யூட்டரோட டிஸ்க்கு பொகைஞ்சே போச்சு. சர்வீஸ்காரரு புதுசு ஒண்ணை மாட்டிக் குடுத்துட்டு இப்பத்தான் போனாரு. பால் காய்ச்சாத புது ஊடாட்ட பளபளன்னு இருக்குது, உள்ளதான் ஒரு சாமானில்லை.

தேஜஸ்ரீ சேரு நுனியில ஒக்காந்திருக்கா. அவ பின்னாடி ஊட்டுக்காரர் தரணீதரன், சண்டைக்கு விட்ட சேவலாட்ட இக்கட்டயும் அக்கட்டயும் நடக்கறாரு.

மத்தியானம் ஆர்டரு குடுக்கற பையர் வர்றாரு. அதுக்குள்ள சாம்பிள் பனியனை வெட்டித் தெச்சு மேசை மேல வெச்சிருக்கோணும். வெட்டறதுக்கு அளவு வரைஞ்ச பேட்டர்னு வேணும். அந்தப் பேட்டர்னு பூராவும் பொகைஞ்சு போன டிஸ்க்குலதான் இருந்துச்சு.

இந்த ஆர்டரு போச்சுன்னா, அண்ணனை விட்டுப் பிரிஞ்சு வந்து போட்ட கம்பெனியும் அதுங்கூடவே போச்சு.

"பேக்கப்பு இருக்குதுன்னயே புள்ள, எங்க இருக்குது?"

"இருக்குதுங்க. செத்த பொறுங்க."

எங்கன்னு மட்டும் அவ சொல்லலை.

பாகம் பிரிச்சப்ப, முதலிபாளையத்துல இருந்த பனியன் கம்பெனி ஷெட்டை நடுவால செவுரு வெச்சு ரெண்டாக்கிட்டாங்க. செவுத்துக்கு அக்கட்ட அண்ணன் கதிர்வேலும் அவரு சம்சாரம் சாந்தாமணியும். இக்கட்ட இவங்க. பேச்சு வார்த்தை கெடையாது. அண்ணந்தம்பி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா பொண்டாட்டிங்களும் திருப்பிக்கோணும், அதுதானுங்களே சட்டம்.

அந்தச் செவுத்துலதான் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில, முட்டி ஒசரத்துல, உடுமலை தேங்கா மண்டி காலண்டரு ஒண்ணு தொங்குது. தேதி பாக்கோணும்னா குத்தவெச்சு ஒக்காரோணும். எலிக்குத் தேதி காட்டறயான்னு தரணீதரன் அதைச் சொல்லிச் சிரிக்காத நாளில்லை. அவ கழட்டவுமில்லை.

இப்ப அவ தெறந்து வெச்சிருக்கறது ரெண்டு ஃபோல்டரை ஒத்துப் பாக்கற சாஃப்ட்வேரு. ஸ்கிரீனை ரெண்டாப் பொளந்து, இது இங்க இருக்குது, அங்க இல்லை, இதுல எது புதுசுன்னு புட்டுப்புட்டு வெக்கும். ஒரு அமுத்து அமுத்துனா ரெண்டையும் ஒண்ணாட்ட ஆக்கிரும்.

ஆனா சோத்தாங்கைப் பக்கம் செவப்பாவே நிக்குது. கனெக்ட் ஆகலையாம்.

தேஜஸ்ரீ மணியப் பாத்தா. சட்டுன்னு எந்திரிச்சா. செவுத்தைப் பாத்து ஒரே கத்து.

"இந்தச் சோத்தாங்கைப் பக்கம் இன்னும் எந்திரிக்காம என்னதான் பண்ணுதோ! பொழுது எங்க வந்துருச்சு!"

"மிஷினைப் போயி வையறயே, அதுக்குக் காது கேக்குமா?"ன்னாரு தரணீதரன்.

செவுத்துக்கு அக்கட்ட ஒரு சேரு கரகரன்னு நகந்துச்சு. யூபிஎஸ் ஒண்ணு பீப்புன்னுச்சு.

"பாரு, அவுங்க இப்பத்தான் கடையே தெறக்கறாங்க. இவுங்கெல்லாம் எங்கிருந்து உருப்படறது!"

அவரு சொல்லி வாய மூடலைங்க. சோத்தாங்கைப் பக்கம் பச்சையாச்சு.

வந்துச்சு பாருங்க! ஒண்ணு மேல ஒண்ணா, கோடை மழையாட்ட சடசடன்னு. போன வருசத்து டீசர்ட்டு, குழந்தைங்க ஜட்டி, நேத்து சாயங்காலம் அவ அரைகொறையா வெச்சுட்டுப் போன சாம்பிளு வரைக்கும். அத்தனையும்!

தரணீதரன் ஒரு குதி குதிச்சாரு. "ஓகே குடு புள்ள!"ன்னு மவுஸ் மேல கையக் கொண்டு போனாரு.

பொளீர்னு ஒரு அடி.

அவரு பொறங்கையிலதான். கட்டுன புருசனை அவ கை நீட்டுனது அதுதான் மொதத்தடவை. ரெண்டு பேருமே அந்தக் கையையே பாத்தாங்க.

"ஸ்கிரீன் நடுவால அம்பு எப்படி நிக்குதுன்னு பாருங்க! இங்கிருந்து அங்க நிக்குது. அமுத்தியிருந்தா இங்க இல்லாததையெல்லாம் அங்கயும் தொடச்சிருக்கும்!"

அம்பைத் திருப்பி வெச்சா. அங்கிருந்து இங்க.

"இப்ப அமுத்துங்க."

பச்சைக் கோடு ஓட ஓட, தரணீதரனுக்குச் சிரிப்பு காது வரைக்கும் போயிருச்சு. பேட்டர்னைப் பிரிண்டு போட்டு கட்டிங் மாஸ்டர் கையில குடுத்ததும் மனுசனுக்கு நெலைகொள்ளலை. செவுத்துக்கு முன்னாடி போயி நின்னுக்கிட்டாரு.

"என்ற பொண்டாட்டி வரையற கழுத்து ஒரு நூலு கோணாது! அவளாட்ட ஒரு ஆளைக் காட்டச் சொல்லு பாக்கலாம்!"

அக்கட்டயிருந்து கதிர்வேலு கொரலு வந்துச்சு, அதுவும் செவுத்துக்கிட்டத்தான் சொல்லுச்சு.

"என்ற ஊட்டுக்காரி பீசை அடுக்கி வெட்டுனா ஒரு சாண் துணி வீணாகாது! அதுக்கு மொதல்ல ஆளைத் தேடச் சொல்லு!"

தேஜஸ்ரீ வாயப் பொத்திக்கிட்டு, கீழ உழுந்த கிளிப்பை எடுக்கற மாதிரி மேசைக்கு அடியில குனிஞ்சா.

நேத்து அவ வெச்சுட்டுப் போனப்ப அந்தச் சாம்பிளோட கழுத்து கோணலாத்தான் இருந்துச்சு. அவளுக்கு என்னைக்குமே கழுத்து வராது. ராத்திரி அக்கட்டயிருந்தே அதை அழிச்சு வட்டமா வரைஞ்சு வெச்சது சாந்தாமணியக்கா. கதிர்வேலு பீத்திக்கிட்ட அடுக்கு இருக்குதே, அது சாந்தாமணிக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. அது தேஜஸ்ரீ அடுக்குனது.

செவுரு வெச்ச அன்னைக்கு, ரெண்டு பக்கத்துக் கம்ப்யூட்டரையும் சேத்தற இந்த ஒயரை அறுத்தரட்டுங்களான்னு மேஸ்திரி கேட்டாப்ல. கேட்டப்ப அண்ணந்தம்பி ரெண்டு பேரும் வெளிய நின்னு கத்திக்கிட்டிருந்தாங்க. இந்தப் பக்கமிருந்து ஒருத்தி, அந்தப் பக்கமிருந்து ஒருத்தி, ரெண்டு பேரும் ஒரே வாயா வேண்டாமுங்கன்னாங்க.

தேஜஸ்ரீ காலண்டரைத் தூக்கி, அதுக்குப் பின்னாடி செவுத்து ஓட்டைக்குள்ள போற அந்த ஒயரைப் புடிச்சு மெல்ல ரெண்டு ஆட்டு ஆட்டுனா.

செத்த நேரம் சும்மா கெடந்துச்சு. அப்புறம் அக்கட்டயிருந்து அதுவும் ரெண்டு ஆட்டு ஆடுச்சு.