முரண்படாத வரையில்

"பதினாறாம் பிரிவை இன்னொரு தடவை படிங்கம்மா. நிதானமா."

சட்ட அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு ஆறாவது தடவையாகப் படித்தாள். குழந்தைகள்மீது தாய்க்கும் தகப்பனுக்கும் சம உரிமை. எதிரே உட்கார்ந்திருந்த சமயச் சட்ட அறிஞர், லென்ஸைப் புத்தகத்தின் மேல் நகர்த்தி எதையோ குறித்துக்கொண்டார்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் பெண்கள் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தபோது, நாடு கூடவே ஒரு வரியைப் போட்டு வைத்திருந்தது: 'எங்கள் சமயச் சட்டத்துக்கு முரண்படாத வரையில்.' ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற வரி. மற்ற நாடுகள் சும்மா விடுமா? எந்தச் சட்டம், எந்த இடத்தில் முரண்படுகிறது என்று சொல்லாத விலக்கு செல்லாது என்று கடிதத்துக்கு மேல் கடிதம். கடைசியில் அமைச்சர், "ஒரு மாசத்துல பட்டியல் கொடுங்க. முரண்பாடு இருந்தா வரி இருக்கட்டும். இல்லேன்னா தூக்கிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பட்டியல் போடத்தான் அறிஞர் வந்திருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை, தானே கேட்டு வாங்கிக்கொண்டாராம். வரியைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறார் என்று அவள் பயந்தாள்.

காரணம் இருந்தது. அவள் தங்கை மகளுக்கு ஆறு வயசு. காதில் ஆபரேஷன் வெளிநாட்டில்தான் நடக்கும். பாஸ்போர்ட்டுக்கோ தகப்பன் கையெழுத்து வேண்டும். அந்த மகாராசன் வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. பெற்ற தாய் கையெழுத்துப் போட்டால் செல்லாது. அந்த வரி போனால்தான் பாஸ்போர்ட் விதி மாறும்.

ஆனாலும் மனுஷரை வியக்காமல் இருக்க முடியவில்லை. எழுபத்தெட்டு வயசு. ஆபீஸ் கார் வேண்டாம், சம்பளம் வேண்டாம், தினமும் பஸ்ஸில் வந்தார். லிஃப்ட் மக்கர் பண்ணிய நாளில் நாலு மாடியும் படியேறி, மூச்சு இரைக்க, "எங்க விட்டோம்?" என்றார். இருபத்திரண்டு தடித் தடிப் புத்தகங்கள். ஒரு பக்கம்கூடத் தாண்டவில்லை. இந்த உழைப்பில் கால்வாசியை நம் ஆபீஸில் யாராவது காட்டினால் நாடு எங்கேயோ போயிருக்குமே என்று நினைத்தாள். எதிரியாக இருந்தாலும் கும்பிடத்தான் தோன்றியது.

கடைசி நாள், இருநூறு பக்கக் கட்டு ஒன்று மேஜைமேல் பொத்தென்று விழுந்தது. இத்தனை முரண்பாடா! அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"பிரிச்சுப் பாருங்க."

பிரித்தாள். ஒவ்வொரு பிரிவின் கீழும் ஆதாரம், நூல் பெயர், பக்க எண். முடிவில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: முரண்பாடில்லை. கடைசிவரை புரட்டினாள். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

"ஐயா, நான் உங்களை என்னென்னவோ நினைச்சிட்டேன்."

"தெரியும். ஒரு மாசமா எனக்கு மட்டும் ஆறின டீதானே வந்துச்சு!"

அவள் சிரிப்பு பாதியிலேயே நின்றது. "ஆனா இதை ஏத்துக்க மாட்டாங்க ஐயா. அந்த வரியைக் கொடுத்தவரு பெரிய ஆலோசகராம். அவரே வாபஸ் வாங்கினாத்தான் ஆச்சுன்னு, அமைச்சர் சொல்லியும் கேக்காம, எங்க ஆபீஸ் இயக்குநர் ஒத்தக் கால்ல நிக்கிறாரு. ஃபைல்ல பேரும் இல்ல. 'சமய ஆலோசகர் போனில் சொன்னபடி'ன்னு எழுதி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். அவர் இருக்காரோ போய்ச் சேர்ந்தாரோ, நான் எங்கன்னு போய்த் தேடுவேன்?"

அறிஞர் பேனாவைத் திறந்து, கட்டின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"தேட வேண்டாம்மா. அன்னைக்கு அவசரம்னாங்க, ஒரு புத்தகத்தைக்கூடத் திறந்து பாக்காம, போன்லயே அந்த வரியைச் சொன்னது நான்தான்."