புகார் போகும் இடம்

கணினி சுகிர்தாவின் சம்பளத்தில் வாங்கியது. அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொடுத்த கணவன் எட்வின், நிர்வாகி கடவுச்சொல் என்ற சாவியை மட்டும் தன் மடியில் முடிந்துகொண்டான். பிரிண்டர் மக்கர் செய்தபோதுதான் அவளுக்கு அது தெரிந்தது. சரிசெய்யக் கட்டளை கொடுத்தாள். 'உங்களுக்கு அனுமதி இல்லை. இதுபற்றிப் புகார் அனுப்பப்படும்' என்றது திரை.

"யாருக்குங்க அனுப்பும்?"

"எனக்குத்தான்." எட்வின் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எதுக்கு நோண்டுற? என்கிட்ட கேட்டா செஞ்சு தர மாட்டேனா?"

ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சுக்குப் போனதும், பென் டிரைவைச் செருகி எல்லாவற்றையும் அழித்து லினக்ஸைப் புதிதாக நிறுவினாள். பெருந்தன்மையாக அவனுக்கும் ஒரு கணக்கு வைத்தாள்.

மறுநாள் அவன் அதிகாரமாக உட்கார்ந்து எதையோ மாற்றக் கட்டளை தட்டினான். 'உங்களுக்கு அனுமதி இல்லை. இதுபற்றிப் புகார் அனுப்பப்படும்' என்றது திரை. உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தவளின் ஃபோன் சிணுங்கியது.

"எதுக்குங்க நோண்டுறீங்க?" கண்ணாடியைப் பார்த்தபடியே குரல் கொடுத்தாள். "என்கிட்ட கேட்டா செஞ்சு தர மாட்டேனா?"