பன்னிரண்டில் ஒன்று

“நானூத்திப் பன்னெண்டு, பி வரிசை,” என்று நர்ஸ் பெட்டியின் நம்பரை உரக்க வாசித்ததும் முத்திரை அண்ணன் சட்டென்று கண்ணைத் திறந்தார்.

ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகத்துக்கு எதிரே பச்சைத் துணித் திரை. முதுகில் போட்ட ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. புற்று அரித்த தொடை எலும்பின் தலையை மூட்டோடு அறுத்தெடுத்துவிட்டார்கள். இனி அந்த இடத்தில் உலோக மூட்டைப் பொருத்த வேண்டியதுதான் பாக்கி.

“உங்க கம்பெனி சரக்குதான். நீங்களே பாஸ் போட்டது. அப்புறம் என்ன பயம்?” என்று திரைக்குப் பின்னாலிருந்து சர்ஜன் சிரித்தார்.

அதுதானே பயம்!

மூட்டுத் தண்டுகளுக்குச் சிவப்புச் சாயம் தடவி, மயிரிழை விரிசலாவது இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது அவர் வேலை. இருபது வருஷமாக ஒழுங்காகத்தான் பார்த்தார். இந்த வரிசை வந்த அன்று மட்டும், வாசலில் வண்டிக்காரன் ஹாரன் அடித்துப் பிராணனை வாங்கினான் என்று, சாயத்தைத் தொடாமலே அதிலிருந்த பன்னிரண்டு மூட்டுக்கும் மளமளவென்று குத்தித் தள்ளிவிட்டார்.

“ஒரு நிமிஷம்,” என்றது நர்ஸின் குரல். மயக்க மருந்துக்கு நேரம் பார்க்கிறாள் போலிருக்கிறது.

சொன்னால் வேலை போகும், மானமும் போகும். ‘இவர் பாத்து அனுப்பின மூட்டுதான் இவருக்கே வெக்கறாங்க’ என்று வெளியே மனைவி எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறாள். சொல்லாவிட்டால், எந்தப் படியில் கால் வைக்கும்போது அது முறியுமோ?

“நாலு நிமிஷம்.”

நல்லவேளை, அவசரமில்லை. கம்பெனியில் நம்பர் வாசித்த பிறகு மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டியில் கை வைப்பார்கள். இங்கேயும் அப்படித்தானே இருக்கும்?

“என்னங்க, இப்படி வேர்க்குது? ஏதாவது பண்ணுதா?” தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டாக்டரம்மா கேட்டார்.

“ஒண்ணுமில்லம்மா.”

“எட்டு நிமிஷம்.”

மற்ற பதினொன்றும் யார் யார் இடுப்பில் ஏறியிருக்கிறதோ! இத்தனை நாளில் ஒருமுறைகூட அவர்களை நினைக்காமல் போனது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனது ஆகட்டும் என்று வாயைத் திறந்தார்.

“டாக்டர், அந்தப் பெட்டியைப் பிரிக்காதீங்க! நான் சோதிக்கவே இல்ல. பாக்காமலே முத்திரை குத்திட்டேன். பன்னெண்டும் அப்படித்தான். எல்லாத்தையும் திருப்பிக் கேளுங்க.”

சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. வேலை போனால் போகிறது, கால் பிழைத்தது.

திரைக்கு அந்தப் பக்கம் ஏதோ கருவி தட்டில் விழுந்தது. பிறகு சர்ஜனின் தலை மட்டும் மெல்ல எழும்பி எட்டிப் பார்த்தது.

“பெட்டியா? அதை அப்பவே உள்ள வெச்சு, எலும்போட ஒட்டற சிமெண்ட்டே இறுகிப்போச்சே! நர்ஸ் நிமிஷம் எண்ணினது அதுக்குத்தானே!”