பாலத்துப் பூதம்

"அது கையா, கட்டையா? ஒரு பாலத்தைத் தாண்டத் தெரியல உனக்கு!"

கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மனைவியைத் திட்டினான் அவன்.

பார்த்த வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தான். ஆடுகிறவர் வீரனாகவோ வைத்தியராகவோ திருடனாகவோ வேஷம் கட்டி, ஊர் ஊராகப் போய் பலம் சேர்த்து, கடைசியில் அரக்கனை வெல்ல வேண்டும். ஒரு கம்பெனி அதை எடுத்து வெளியிடத் தயாராக இருந்தது. ஆனால் முதலில் அவர்கள் ஆட்கள் ஆடிப் பார்ப்பார்கள். பிடிக்கவில்லை என்றால், பழைய ஆபீஸ் வாசலில் போய் அசடு வழிய நிற்க வேண்டியதுதான்.

அதற்கு முன்னால் வீட்டில் ஒரு வெள்ளோட்டம். மனைவியும், வேலை தேடி வந்து அவர்களோடு தங்கியிருந்த அவள் தம்பியும் உள்ளறையில் ஆளுக்கொரு கணினியில் ஆடினார்கள். யார் எங்கே செத்தாலும் இவன் திரையில் அவர் பேருக்கு ஒரு சிவப்புப் புள்ளி விழும்.

தம்பி பேரில் விழுந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரக்கனையே தீர்த்துக்கட்டியாகிவிட்டது. அக்கா பேரிலோ, முதல் ஊரைத் தாண்டியதும் வரும் பாலத்திலேயே அம்மை போட்ட மாதிரி ஒரே சிவப்பு.

"பாலத்துல நிக்கிற அந்தப் பூதம் ரொம்ப அடிக்குதுங்க. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்றாள் அவள், முன்னறைக்கு வந்து.

"உன் தம்பி ஊதித் தள்ளிட்டுப் போறான். உனக்காக நான் பூதத்தோட பல்லைப் பிடுங்கணுமா? கஷ்டம் இருந்தாத்தான் விளையாட்டு!"

"ஜெயிக்கிறவங்க மட்டுமா விளையாட வருவாங்க?"

பின்னாலேயே வந்து நின்ற தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பையனுக்கு என்ன தன்னடக்கம் என்று இவன் மெச்சிக்கொண்டான்.

முணுமுணுத்தபடியேதான் திருத்த உட்கார்ந்தான். பூதத்தின் பலத்தைக் குறைக்க மனசு வரவில்லை. அதனால் அடிப்பதற்கு முன் அது ஒரு கணம் கதாயுதத்தை ஓங்கிக்கொண்டு நிற்கும்படி செய்தான். கவனித்தால் விலகிக்கொள்ளலாம். செத்தாலும் ஊரின் ஆரம்பத்துக்கு விரட்டாமல், பாலத்தடியிலேயே மறுபடி எழும்பும்படி மாற்றினான்.

அக்கா பேரிலும் ஒருவழியாகப் பாலம் தாண்டியாயிற்று.

"அப்பாடா! மகாராணி தாண்டிட்டாங்கப்பா!"

அன்றே விளையாட்டைக் கம்பெனிக்கு அனுப்பிவைத்தான்.

கம்பெனியிலிருந்து போன் வந்தபோது எழுந்து நின்றுகொண்டே எடுத்தான்.

"பாலத்துல எங்க ஆளுங்க நிறைய தடவை செத்தாங்க சார். ஆனா ஒருத்தர்கூட விட்டுட்டுப் போகல. இன்னும் ஒரே ஒரு தடவைன்னு உட்கார்ந்துட்டாங்க. நாங்க எடுத்துக்கறோம்."

அவன் உள்ளறைக்கு ஓடி மச்சினனைக் கட்டிக்கொண்டான்.

"மச்சான், நீ பெரிய ஆளுடா! இனிமே எல்லாத்தையும் நீதான் ஆடிப் பார்த்துச் சொல்றே. உன் அக்காவை மட்டும் கிட்ட சேர்க்காதே, மானம் போயிடும்!"

மச்சினனுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

"போதும் மாமா, அக்காவை இனிமே ஒண்ணும் சொல்லாதீங்க. அவ பேருல ஆடினது நான். என் பேருல ஆடினது அவ. பேரை மாத்திக்கலாம்னு அவதான் சொன்னா. பாலத்துல விழுந்து விழுந்து செத்ததெல்லாம் நான்தான். அரக்கனைக் கொன்னது அக்கா."

சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டான்.

அவன் மனைவி பக்கம் திரும்பினான். பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து கூசியது.

"ஏன்மா சொல்லல? அவ்வளவு திட்டினேனே உன்னை!"

தம்பி காதில் விழாதபடி அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போற இன்டர்வியூ எல்லாத்துலயும் தோத்துட்டு வர்றான். அந்தத் திட்டை அவன் வாங்கியிருந்தா, அடுத்த இன்டர்வியூவுக்கு எழுந்தே போயிருக்க மாட்டான்."